ஏட்டிலிருந்து திரைக்கு

தூத்துக்குடிக் கரையிலிருந்து தோணியேறிக் கிழக்கு நோக்கிச் செல்வோர்க்குச் சிறிது நேரத்தில் கரை கண்ணுக்கு மறைந்துவிடும். அப்பால் விரிந்து கிடப்பது மன்னார்க் குடாக்கடல். அக்கடலின் அடித்தளம் முழுதும் மணலன்று. இடையிடையே பாறைத் திட்டுக்கள் உண்டு. அவற்றைக் கடலோடிகள் 'பார்' என்று வழங்குவர். பார்களைப் பற்றிக்கொண்டு வாழ்வன முத்துச்சிப்பிகள். கொற்கை பாண்டியரின் துறைமுகமாகச் சிறந்து விளங்கிய நாளிலேயே இக்கடலின் முத்து உலகறிந்த பொருளாயிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த கிரேக்கக் கடற்செலவு நூலொன்று கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிட்டு, அங்குக் குளித்தோர் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் கூறுகின்றது. அக்கைதிகளின் பெயர்களை அந்நூலாசிரியர் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை.

முத்துக்குளிக்கும் காலத்தைச் 'சலாபம்' என்பது இக்கரையின் வழக்கு. கடல் அமைதியுற்றிருக்கும் மார்ச்சு, ஏப்பிரல் திங்கள்களில் அது நடைபெறும். குளியாள் கனத்த கல்லொன்றில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக் கொண்டு, கல்லின் எடையால் விரைந்து அடித்தளத்தை அடைவார். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம் இருக்கும். ஒரு பாகம் என்பது ஆறடி. கைக்கு எட்டிய சிப்பிகளைப் பறித்துக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் கயிற்றை இழுத்து அவரை மேலே ஏற்றுவார். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் முடிதல் வேண்டும். மிக வல்லவரே ஒன்றரை நிமிடம் தாங்குவர். மூச்சுமட்டுமே இடர் அன்று, சுறாவும் உண்டு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிய 'கடல்கட்டி' என்பாரை ஆங்கிலேயர் ஆட்சியிலும் சலாபத்திற்கு அமர்த்தினர். அவர் கரையில் இருந்தாலன்றிக் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர் என்பதே அதற்குக் காரணம்.

இக்கடலை ஒருநாளும் கண்டிராத ஒருவர், பிரான்சு நாட்டில் இருந்துகொண்டு, இங்குள்ள குளியாள் ஒருவரைத் தம் கதைக்குள் கொண்டு சென்றார். அவர் ஜூல்ஸ் வெர்ன் என்னும் எழுத்தாளர். 1828-இல் நாந்து நகரத்தில் பிறந்தவர்; விஞ்ஞானக் கதை என்னும் துறைக்கு வழிவகுத்தோருள் தலையாயவர். அவருடைய 'கடலடியில் இருபதினாயிரம் லீக்' என்னும் புதினம் 1869, 1870-ஆம் ஆண்டுகளில் ஒரு பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. இருபதினாயிரம் லீக் என்பது கடலின் ஆழம் என்று பலர் மயங்குவதுண்டு. அது கடலுக்கடியில் கடந்த தொலைவேயாகும். ஒரு லீக் நான்கு கிலோமீட்டர் என்று கொள்க. அவ்வளவு ஆழமுடைய கடல் இவ்வுலகில் இல்லை.

கதை இது: கடலில் கப்பல்களைத் தாக்கும் பெரு விலங்கொன்று உலவுவதாக மக்கள் அஞ்சுகின்றனர். அதனைத் தேடிச் சென்ற அரோனக்ஸ் என்னும் பேராசிரியரும், அவருடைய பணியாள் கோன்செயும், திமிங்கில வேட்டையில் வல்ல நெட் லாண்டும் கடலில் வீழ்ந்து, அவ்விலங்கின் முதுகிலேயே அடைக்கலம் பெறுகின்றனர். அது விலங்கன்று, மின்னாற்றலால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல். பெயர் நாட்டிலஸ். அதன் தலைவர் தம்மை நெமோ என்று கூறிக்கொள்கிறார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'யாருமல்லன்' என்பது பொருள். தரை வாழ்வோடு தொடர்பை அறுத்துக்கொண்ட அவர், மூவரையும் வெளியே விடாமல் தம்முடன் உலகெங்கும் கொண்டு செல்கிறார்.

1868 சனவரி இறுதியில் நாட்டிலஸ் இலங்கைக் கரையை அடுத்த முத்துப்பார்களை அடைகின்றது. நெமோவும் விருந்தினர் மூவரும் செம்புத் தலைக்கவசம் அணிந்து கடலடியில் நடந்து செல்கின்றனர். ஒரு குகையில் பேருருவச் சிப்பி ஒன்று வாய் திறந்து கிடக்கின்றது. அதனுள்ளே தேங்காய் அளவான முத்து. நெமோ அதனை எடுக்கவில்லை. இன்னும் வளரட்டும் என்று விட்டுச் செல்கிறார். திரும்பும் வழியில் தலைக்குமேல் ஒரு நிழல் ஆடுகின்றது. நிமிர்ந்து பார்த்தால், ஒரு சிறு படகும் அதிலிருந்து கல்லோடு இறங்கும் ஓர் இந்தியக் குளியாளும்! பருவம் தொடங்க இன்னும் ஒரு திங்களுக்கு மேல் இருக்கின்றது. அறுவடைக்கு முன்னே கதிர் பொறுக்க வந்த ஏழை அவர். முத்துப்பார்களோ அன்று அரசின் தனியுடைமை. சலாபம் அறிவிக்குமுன் சிப்பி எடுத்தல் குற்றம். இதனை வெர்ன் விரித்துரைக்கவில்லை. எனினும் நிலைமையை அறிந்தவர்க்கு அந்த ஏழையின் அச்சம் எத்தனை பக்கத்தினின்று வந்திருக்கும் என்பது விளங்கும்.

அரை நிமிடத்திற்கு ஒருமுறையாக அவர் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கையில் சுறா ஒன்று பாய்கின்றது. வாலால் அடித்து அவரை வீழ்த்துகின்றது. நெமோ கையில் கத்தியோடு அதனை எதிர்த்து நிற்கிறார். போரின் முடிவில் அவரே சுறாவின் கீழ் அகப்படுகிறார். நெட் லாண்டின் ஈட்டி அவரைக் காக்கின்றது. எழுந்த நெமோ முதலிற் செய்தது என்ன? குளியாளைக் கல்லோடு பிணைத்த கயிற்றை அறுத்து, அவரை மேலே கொண்டு சென்று படகில் கிடத்தி, உயிர் வரச் செய்ததே. கண் விழித்த அவ்வேழையின் முன் நான்கு செம்புத் தலைகள் குனிந்து நிற்கின்றன. நெமோ ஒரு முத்துப்பையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு மீண்டும் நீரில் மறைகிறார்.

மனித இனத்தையே வெறுத்தவர் ஒரு மனிதனுக்காக உயிரைப் பணயம் வைத்தது ஏன் என்று பேராசிரியர் பின்னர் வினவுகிறார். அந்த இந்தியர் ஒடுக்கப்பட்டோர் நாட்டவர் என்றும், தாமும் இறுதி மூச்சுவரை அந்நாட்டவரே என்றும் நெமோ விடை கூறுகிறார். புதினம் முழுவதிலும் நெமோ தம் உள்ளத்தை இவ்வளவு திறந்து காட்டும் இடம் வேறு அரிது.

ஆயினும் 'ஒடுக்கப்பட்டோர் நாடு' எது? நூல் அதனைச் சொல்லவில்லை. சொல்லாமைக்குக் காரணம் இருந்தது. வெர்ன் முதலில் நெமோவைப் போலந்து நாட்டவராகவே எண்ணியிருந்தார். 1863-இல் போலந்து மக்கள் உருசியப் பேரரசனை எதிர்த்து எழுந்து நசுக்கப்பட்டனர். அதில் மனைவி மக்களை இழந்த ஒருவர் உலகின்மீது சினங்கொள்வது இயல்பே எனக் கருதினார். அவருடைய பதிப்பாளர் எட்சல் இதற்கு உடன்படவில்லை. பிரான்சுக்கும் உருசியாவுக்கும் இடையே இருந்த நட்பையும், உருசியாவில் நூல் விற்பனையாவதையும் அவர் நினைத்தார். அடிமை வாணிகத்தை எதிர்ப்பவராக நெமோவை மாற்றலாமே என்றார். வெர்ன் அதனை ஏற்கவில்லை. காரணத்தை மாற்றினால் மனிதரே மாறிவிடுவார் என்பது அவர் கட்சி. கடிதங்கள் பல நடந்தன. இறுதியில் இருவரும் கண்ட வழி, நெமோவின் பிறப்பைச் சொல்லாமலே விட்டுவிடுவது. குறை போலத் தோன்றும் இம்மறைவே அப்பாத்திரத்திற்குக் கவர்ச்சியாயிற்று என்பது வேறு.

சில ஆண்டுகள் கழித்து, 1874, 1875-இல் வந்த 'மருமத் தீவு' என்னும் புதினத்தில் வெர்ன் முடிச்சை அவிழ்த்தார். நெமோ ஓர் இந்தியர். பந்தேல்கண்டு அரசரின் மகன். இளவரசர் தக்கார் என்பது அவர் பெயர். ஐரோப்பாவில் கல்வி பயின்று திரும்பியவர், 1857-இன் பெரும் போராட்டத்தில் கலந்து, குடும்பத்தை இழந்து, கடலுக்குள் புகுந்தார். முத்துப்பாரின்மேல் முன்னர்க் கூறப்பட்ட விடைக்கு இப்போதுதான் நேர்ப்பொருள் கிடைத்தது. காப்பாற்றப்பட்டவரும் இந்தியர், காப்பாற்றியவரும் இந்தியர்.

வெர்ன் 1905-இல் மறைந்தார். அதற்குள் திரைப்படம் பிறந்து பத்தாண்டு ஆகியிருந்தது. விஞ்ஞானக் கதைகளைத் திரைக்குக் கொணர விரும்பியோர் முதலில் நாடியது அவர் நூல்களையே. அவர்கள் விரைவில் ஓர் உண்மையைக் கண்டனர். 'நால்வரும் கடலடியில் நடந்தனர்' என்று எழுத ஆசிரியருக்கு ஒரு துளி மை போதும். அதனைப் படமாக்க நீர் வேண்டும், நீருக்குள் ஒளி வேண்டும், கருவி நனையாதிருக்க வேண்டும், நடிகர் மூச்சுவிட வேண்டும். 1907-இல் மெலியே என்னும் பிரெஞ்சுக் கலைஞர் இவ்விடர்களை எளிதாகத் தாண்டினார். மீனவர் ஒருவரின் கனவாகக் கதையை மாற்றி, வண்ணந் தீட்டிய திரைச்சீலைகளால் கடலை அமைத்தார். அது வேடிக்கைப் படம். வெர்னின் கதை அதில் தேடவேண்டிய பொருளாயிற்று.

உண்மைக் கடலில் படம் எடுக்க முனைந்தவர் அமெரிக்கராகிய சான் எர்னஸ்ட் வில்லியம்சன். அவருடைய தந்தை கப்பல் தலைவர். மடங்கி நீளும் இரும்புக் குழாய் ஒன்றை அமைத்திருந்தார். மிதவையிலிருந்து தொங்கும் அக்குழாயின் அடியில் கண்ணாடிச் சாளரமுடைய எஃகு அறையை மகன் பொருத்தினார். மனிதர் குழாயின் வழியே இறங்கி, அறையில் அமர்ந்து, சாளரத்தின் வழியே கடலைப் படம் பிடிக்கலாம். கருவியும் நனையாது. தெளிந்த நீரைத் தேடி அவர் பகாமாத் தீவுகளுக்குச் சென்றார். 1914-இல் எடுத்த முதற்படத்திற்கு மனிதனும் சுறாவும் பொருதும் காட்சி வேண்டியிருந்தது. அதற்காக வில்லியம்சன் தாமே கத்தியோடு நீரில் பாய்ந்து, கருவியின் முன்னே சுறாவைக் குத்தினார். நெமோ ஏட்டிற் செய்ததை ஒருவர் மெய்யாகவே செய்துகாட்டிய நிகழ்ச்சி அது.

1916-இல் வெர்னின் புதினம் அவ்வழியிலேயே படமாயிற்று. கடலடியில் எடுக்கப்பட்ட முதற் பெருங்கதைப்படம் அது எனலாம். கதையைத் திரைக்கு வகுத்து இயக்கியவர் ஸ்டூவர்ட் பேட்டன். அவர்க்குக் கடலைவிடக் கதையே பெருந் தொல்லையாயிற்று. 'கடலடி' நூலில் நெமோவின் முன்வரலாறு இல்லை. வரலாறு உள்ளதோ 'மருமத் தீவு' நூலில். ஆகவே இரண்டையும் பிசைந்து ஒன்றாக்கினார். போதாதென்று நெமோவுக்கு ஒரு மகளையும், அவளைப் பிரித்த கொடியவன் ஒருவனையும் படைத்தார். இந்தியாவில் நடந்ததாகக் காட்டும் பழைய நிகழ்ச்சிகளுக்குப் பெரிய அரங்குகள் எழுந்தன. படம் நெரிசலுற்றது, பார்ப்போர் யார் யார்க்கு உறவு என்று கணக்கிடும் நிலை உண்டாயிற்று. ஆயினும் பேட்டனிடம் ஒரு நேர்மை இருந்தது. நெமோ அங்கு இந்திய இளவரசராகவே வாழ்ந்தார். முத்துக்குளியாளும் திரையில் இடம் பெற்றார்.

ஆனால் சுறா இல்லை. அதன் இடத்தில் பேய்க்கணவாய் வந்தது. நீண்ட கைகளையுடைய செயற்கைப் பேய்க்கணவாய் ஒன்றைச் செய்து கடலடியில் வைத்தனர். அது குளியாளைச் சுற்றி வளைக்க, நெமோ வந்து மீட்கிறார். மெய்யான சுறா இயக்குநரின் சொற்கேட்டு வருவதில்லை. செயற்கை விலங்கோ வைத்த இடத்தில் இருக்கும். இம்மாற்றம் சிறிதென்று தோன்றும். ஆயினும் ஒன்றை நினைத்தல் வேண்டும். சுறா மன்னார்க் கடலின் குளியாட்கள் நாள்தோறும் அஞ்சிய உண்மை. அதற்காகவே கடல்கட்டியைத் தேடினர். மனிதனைப் பற்றிக் கொல்லும் பேருருவப் பேய்க்கணவாயோ கதைகளில் வாழ்வது. குளியாளின் இடர் வியப்புக் காட்சியாகிவிட்டது. மேலும் அது பேசாப் படம். நெமோ கூறிய விடையின் வலிமை முழுவதும் சொல்லிலே இருந்தது. எழுத்தட்டையில் எழுதிக் காட்டும் சொல்லுக்கு அவ்வலிமை வருவதரிது.

நெடுநாளைக்குப் பின் வால்ட் டிஸ்னி அப்புதினத்தை வண்ணத்திலும் அகலத் திரையிலும் எடுக்கத் துணிந்தார். இயக்குநர் ரிச்சர்ட் பிளெய்சர். திரைக்கதை எழுதியவர் எர்ல் பெல்டன். நூலை எடுத்துவைத்துக் கொண்டு அமர்ந்த இருவரும் திகைத்தனர். வெர்னின் நூல் பயணக் குறிப்பு. ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்குச் செல்கின்றது. மீன்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சியும் இனிது. ஆனால் ஒன்று மற்றொன்றைப் பிறப்பிப்பதில்லை. முத்துப்பார்ப் பகுதியை எடுத்துவிட்டாலும் அடுத்த பகுதி குலையாமல் நிற்கும். நூலைப் படிப்பவர் அதனை மூடிவைத்து மறுநாள் தொடரலாம். இருட்டில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவரைக் கட்டி நிறுத்தச் சரடு ஒன்று தேவை. பெல்டன் அதனைக் கண்டார். மூவரும் கைதிகள், நாட்டிலஸ் சிறை, தப்புவார்களா, மாட்டார்களா? இக்கேள்வியைக் கதையின் முதுகெலும்பாக்கினார். அதற்குப் பொருந்தியவை நின்றன, பொருந்தாதவை விழுந்தன.

விழுந்தவற்றுள் முத்துக்குளியாளும் ஒருவர். படத்தில் சுறா உண்டு. ஆயினும் அது வருவது, மூழ்கிய கப்பலில் புதையல் தேடிச் சென்ற நெட் லாண்டுக்கும் கோன்செய்க்கும் முன்னே. நெமோவின் நாடும் மறைந்தது. உருரா பென்தே என்னும் கற்பனைத் தீவில் அடிமைப்பட்டு, மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவராக அவர் காட்டப்படுகிறார். வெடிமருந்துக்கு வேண்டிய பொருள்களைக் கைதிகள் சுமந்து கப்பலேற்றும் காட்சி ஒன்று வருகின்றது. நெமோ கப்பல்களை அழிப்பது ஏன் என்பது பார்ப்போர்க்கு ஒரு நொடியில் விளங்கிவிடுகின்றது. திரைக்கதை ஆசிரியரின் திறம் அது; மறுப்பதற்கில்லை. எட்சல் வெர்னிடம் வேண்டிய மாற்றத்திற்கு இது மிக நெருங்கி வந்தது என்பதும் மறுப்பதற்கில்லை. எந்த நாட்டையும் புண்படுத்தாத துன்பம் நெமோவுக்குக் கிடைத்தது. உயிர் பெற்று முத்துப்பையைப் பற்றிய ஏழையின் கைகளுக்கு அங்கே இடமில்லை.

எழுத்தில் எளிதாயிருந்தது படப்பிடிப்பில் எவ்வாறு தொல்லை தரும் என்பதற்கு அப்படத்தின் கணவாய்ச் சண்டை நற்சான்று. முதலில் அமைதியான கடலில், மாலைச் செவ்வொளியில் அதனை எடுத்தனர். செயற்கைக் கணவாய் நீரை உறிஞ்சிக் கனத்தது. அதனை அசைத்த கம்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன. வெளிச்சம் நன்றாயிருந்ததே குற்றமாயிற்று. டிஸ்னி படப்பிடிப்பை நிறுத்திவிட்டார். இரவும் புயலும் வேண்டும் என்ற யோசனை பெல்டனுடையது. இருளும் அலையும் கம்பிகளை மறைத்தன. புதிய கணவாயை இருபதுக்கு மேற்பட்டோர் நின்று இயக்கினர். செலவு பெருகியது. அந்தக் காட்சியே படத்தின் புகழுக்குத் தலையாய காரணமாயிற்று. 1954 டிசம்பரில் வெளிவந்த அப்படம் கலையமைப்பிற்கும் தந்திரக் காட்சிகளுக்கும் ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அணுவாற்றலால் இயங்கும் முதல் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கா நீரில் இறக்கியது. அதற்கும் நாட்டிலஸ் என்றே பெயர்.

வெர்னின் நெமோ மீண்டும் இந்தியராகத் திரையில் தோன்றப் பல ஆண்டுகள் சென்றன. 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் படத்தில் நசீருதீன் ஷா என்னும் இந்திய நடிகரே அவ்வேடத்தை ஏற்றார். அது வெர்னின் நூலிலிருந்து நேரே பிறந்ததன்று. பல கதைகளின் தலைவர்களை ஒன்று சேர்த்த சித்திரக்கதையிலிருந்து வந்தது. நெமோவுக்கு நாடு திரும்பக் கிடைத்தது. மன்னார்க் கடலின் குளியாள் அதிலும் இல்லை.

டிஸ்னியின் படம் வெளிவந்த மறு ஆண்டில், 1955-இல், நெடிய இடைவெளிக்குப் பின் தூத்துக்குடிப் பார்களில் சலாபம் மீண்டும் தொடங்கியது. கலிபோர்னியாவின் படக்கூடத்தில் நீர்த்தொட்டியும் காற்றுப்பொறியும் கொண்டு கடலை அமைத்து முடித்திருந்த காலத்தில், இங்கே குளியாட்கள் கல்லும் கயிறும் கொண்டு மெய்க்கடலின் அடியில் இறங்கினர். விடியுமுன் தோணிகள் பார் நோக்கிச் சென்றன. பிற்பகலில் சிப்பிக் குவியலோடு கரை மீண்டன. அச்சலாபங்கள் 1961 வரை நடைபெற்றன. அதன்பின் பார்களில் சிப்பி வேண்டிய அளவு சேரவில்லை. தூத்துக்குடியில் சலாபம் அறிவிக்கப்படவும் இல்லை.